ரப்பர் கிளச்சும் ஒரு வெற்றிலைத் தட்டும்

ஒரு வெட்கக்கேட்டை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம், என் மனைவி கேக் சுடுகிற ஓவனில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அடிப்பெட்டியை வைத்துச் சுட்டேன். உள்ளே இருந்த பேரிங் கழன்று வர மறுத்தது. பெட்டியைச் சூடாக்கினால் அலுமினியம் விரியும், பேரிங் தானாக விழும் என்று எங்கோ படித்திருந்தேன். விழுந்தது. வாழ்க்கையில் படித்தது ஒன்று பலித்துவிட்ட சந்தோஷத்தில் ஓவனைத் துடைக்க மறந்துபோனேன். அந்த வார இறுதியில் அதே ஓவனில் மகளின் பிறந்தநாள் கேக் வெந்தது. வந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "காப்பி ஃப்ளேவர்" என்றேன். யாரும் இரண்டாம் துண்டு கேட்கவில்லை.

அந்த எஞ்சின் இப்போதும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது, பழைய பத்திரிகை விரித்து, பற்சக்கரம் பற்சக்கரமாக. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். "இதையெல்லாம் திரும்பப் பூட்டத் தெரியுமா?" என்று மனைவி கேட்டபோது, "பதினொரு வயசிலேயே பார்த்த வேலை" என்றேன். பொய்யில்லை. பார்த்த வேலைதான். அது எப்படி முடிந்தது என்பதைத்தான் அப்போது அவளிடம் சொல்லவில்லை.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற என் வயதுக்காரர்களே, முழங்கால் வலியும் மோட்டார் சைக்கிள் ஆசையும் ஒரே மாதத்தில் வந்து சேர்கிற பருவம் இது. உங்களில் யாராவது பழைய வண்டி வாங்கும் யோசனையில் இருந்தால், இதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

எங்கள் தோட்டம் வரக்காப்பொலைக்கு மேலே. ரப்பர்த் தோட்டம். அரசாங்கத்திடமிருந்து கம்பெனி எடுத்த புதிது. புதிதாக வந்த துரை ஜீப்பில் வந்தார். வந்ததும் பங்களா கராஜில் கிடந்த தட்டுமுட்டுகளை எல்லாம் வெளியே போடச் சொன்னார். அதில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப் போனது என்றார்கள். எந்தத் துரை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அதை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் குவாட்டர்ஸ் பின்புறம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியவர் சித்தப்பா. அம்மாவின் கோழிகளுக்கு அதன் சீட் பிடித்துப்போனது. டூல் பெட்டிக்குள் முட்டையிட்டது ஒன்று. அது அதோடு நிற்காமல் அங்கேயே அடைகாக்கவும் உட்கார்ந்தது.

சித்தப்பா ஸ்டோரில் ஷீட் தரம் பிரிக்கிறவர். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கம் ஃபெக்டரி. புகைபோட்டு உலர்த்துகிற புகைக்கூட்டிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று ஒரு பார்வையில் பிரித்துப் போடுவார். மனிதர்களையும் அப்படித்தான் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்ப்பார். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் கூடிவந்து கலைந்திருந்தது. அந்த வருடம் அரநாயக்கப் பக்கத் தோட்டமொன்றில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தவர், மறுநாளிலிருந்து தலைக்கு வாசனை எண்ணெய் வைக்க ஆரம்பித்தார். அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மா அந்த எண்ணெயை வைத்தே கண்டுபிடித்தாள்.

தரகரை அனுப்பினார்கள். தரகர் போய்ப் பேசிவிட்டு வந்து, வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

"பொண்ணு வீட்டுல எல்லாஞ் சரிங்க. ஒரே ஒரு யோசனதான். அவங்க தோட்டத்துக்கு பஸ் கெடயாது. புள்ளய கட்டிக் குடுத்தா நல்ல நாளு பொழுதுக்கு எப்பிடி வந்து போவான்னு கங்காணி கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?" என்றார் அப்பா.

"மாப்பிள்ளகிட்ட மோட்டார் சைக்கிள் இருக்குன்னு சொன்னேன்."

பின்புறம் கோழி ஒன்று கொக்கரித்தது.

"இருக்குல்ல?" என்றார் தரகர்.

"இருக்கு" என்றார் சித்தப்பா.

"அப்புறம் என்னா? தட்டோட வர்றப்ப அதுலயே வந்துருங்கன்னு கங்காணி சொல்லிட்டாரு. பார்க்க ஆசப்படுறாரு."

ஆக, அடுத்த மாதத்து நல்ல நாளுக்குள் அந்த வண்டி ஓட வேண்டும். ஓடாவிட்டால் மூன்றாவது இடமும் கலையும். அப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, "அதுல என்னா இருக்கு, நானே கழட்டிப் பூட்டிருவேன்" என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லும் வியாதி எங்கள் குடும்பத்தில் பரம்பரை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அப்பா ஒஃபிஸ் கிளாக்கர். ஒருமுறை ஒஃபிஸ் டைப்ரைட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தார். அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து போன கடிதங்களில் எல்லாம் ஆங்கில 'ஈ' எழுத்து மட்டும் வரிசையை விட்டு அரைப்படி மேலே நின்றது. அதைக் குறை என்று அப்பா ஒத்துக்கொண்டதில்லை. "டைப்ரைட்டரும் மோட்டார் சைக்கிளும் ஒரே ஜாதிதான்டா. ரெண்டுலயும் ஒன்ன அமுக்கினா இன்னொன்னு எந்திரிக்கும்" என்று எனக்கு விளக்கினார். வால்வைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இஸ்தோப்பில் சாக்கு விரித்து வண்டியைப் படுக்கவைத்தார்கள். மழைக்காலம். ஓடு ஒழுகாத இடம் அங்கே மட்டும்தான். ஒவ்வொரு நட்டாகக் கழன்று வரும்போதும் துருப்பிடித்த இரும்பு ஒரு பூனைக்குட்டி போலக் கத்தும். அம்மா குளிக்க வைத்திருந்த பேசினில் மண்ணெண்ணெயை ஊற்றி, அதில் பற்சக்கரங்களை ஊறப்போட்டார்கள். வீடு முழுக்க மண்ணெண்ணெய், கோழி எச்சம், சித்தப்பாவின் வாசனை எண்ணெய். இன்றைக்கும் எங்கேயாவது இந்த மூன்றும் ஒன்றாக வீசினால் எனக்கு யாரோ கல்யாணம் செய்யப் போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

கழற்றிய சாமான்களைப் போடுவதற்கு ஒரு பெரிய பிஸ்கட் தகரம். மூடியில் மஞ்சள் ரோஜாக்கள், விளிம்பில் துரு. எதை எங்கிருந்து கழற்றினோம் என்று அடையாளம் வைக்கவேண்டும் என்று அம்மா சொன்னாள். "ஞாபகம் இருக்கும்" என்றார் அப்பா. எல்லாம் பூட்டி முடித்த நாளில் தகரத்தைக் குலுக்கினால் சத்தம் வந்தது. உள்ளே இரண்டு வாஷர், ஒரு ஸ்பிரிங், கைவிரல் நீளத்தில் ஒரு சின்ன லீவர்.

"இது எங்க போடுறது?" என்றார் சித்தப்பா, லீவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "வெள்ளக்காரன் எப்பவும் ரெண்டு மூணு சாமான் மிச்சமாத்தான் வச்சு அனுப்புவான்" என்றார். "வண்டி ஓடுறதுக்கு இது தேவையில்ல."

அதுவும் பொய்யில்லை. வண்டி ஓடுவதற்கு அது தேவையில்லைதான். அந்தக் காலத்து வண்டிகளில் சாவி கிடையாது. வால்வைத் தூக்கிப் பிடித்து எஞ்சினின் மூச்சை அடக்கி நிறுத்துகிற லீவர் அது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது சொச்சம் வருடமும் ஒரு கேக்கும் தேவைப்பட்டன.

சந்தியில் கை டிராக்டர் பழுதுபார்க்கிற பாஸ் ஒருவர் இருந்தார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்களவர், தோட்டத்தோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். எஞ்சின் முதல்முறை இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்ததும் அவரை அழைத்து வந்தார்கள். அவர் கார்புரேட்டருக்கு முன்னால் குந்தி, ஒரு வெற்றிலை போட்டு, வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, இதுக்கு மூச்சு பத்தல்ல" என்றார். "நான் கொஞ்சம் ஏத்தி வைக்கிறேன். அப்புறம் செத்தாலும் நிக்காது."

டிராக்டருக்கு ஏற்றுவது போல வேகத்தை ஏற்றி வைத்தார். கையை எடுத்தாலும் எஞ்சின் தன்பாட்டில் தடதடவென்று ஓடியது. பெட்ரோல் டேப்பின் காது உடைந்து போயிருந்ததால், அதைத் திறந்தபடியே கம்பியால் இறுக்கிக் கட்டினார். எங்களுக்கு எல்லாம் பரம திருப்தி. ஓடுமா ஓடாதா என்பதுதான் எங்கள் ஒரே கவலை. நிற்குமா என்று கேட்கிற ஆள் அந்த வீட்டில் அன்று யாருமில்லை.

இனிக் கிளச். எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகவேண்டியபோது தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவேண்டும். கைப்பிடியை அமுக்கினால் விடவேண்டும். அவ்வளவுதான் கிளச்சின் தர்மம். அந்தப் பழைய வண்டியின் கிளச் தட்டுகளில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஓட்டைகளில் போத்தல் மூடி போலக் கார்க் துண்டுகள். கழற்றியதும் கார்க் எல்லாம் பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்து விழுந்தது.

"பஞ்சிகாவத்தைக்குப் போனா கார்க் தேடலாம்" என்றார் பாஸ். கொழும்பில் பழைய வண்டிச் சாமான்கள் கிடைக்கிற இடம் அது.

சித்தப்பா சிரித்தார். அந்த வேலை தொடங்கியதிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

"ரப்பர் தோட்டத்துல இருந்துகிட்டு கார்க்கு தேடிக் கொழும்புக்குப் போறதா? நல்லா இருக்குமா பாஸ்? கார்க்க விட ரப்பருக்குப் பிடி அதிகமா இல்லையா?"

பாஸ் யோசித்தார். அப்பாவும் யோசித்தார். யாருக்கும் இதில் பிழை தெரியவில்லை. நீங்கள் அன்று அங்கே இருந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. எங்கள் தோட்டத்தில் ரப்பரால் தீராத வியாதி கிடையாது. ஒழுகுகிற தண்ணீர்ப் பீலிக்கு மரத்தில் உறைந்த ஒட்டுப்பால், உடைந்த செருப்புக்கு ஒட்டுப்பால், ஆடுகிற மேசைக்காலுக்கு ஷீட் துண்டு. எங்கள் வகுப்பு வாத்தியார் மூக்குக்கண்ணாடியின் காதைக்கூட ஒட்டுப்பால் வைத்துத்தான் நிறுத்தியிருந்தார்.

சித்தப்பா தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த ஷீட்டைத் தேர்ந்தெடுத்தார். ஒரு குமிழி இல்லை, ஒரு தூசி இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறம். அதைப் பல மடிப்பாக அழுத்தி, தண்ணீர்க் குழாய்த் துண்டின் வாயைத் தீட்டி வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தார். இறுகட்டும் என்று அந்த வட்டங்களைக் கம்பியில் கோத்துப் புகைக்கூட்டில் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். புகைக்கூட்டுக் காவல்காரர் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக விறகு போட்டாராம்.

கிளச் மூடிக்கு இடையில் வைக்கத் தடித்த அட்டை தேவைப்பட்டது, எண்ணெய் ஒழுகாமலிருக்க. சுவரில் பழைய காலண்டர் அட்டை ஒன்று, மயிலோடு முருகன். அப்பா கத்தரிக்கோலை எடுத்ததும் அம்மா வந்து குறுக்கே நின்றாள்.

"சாமியவா வெட்டப் போறீங்க?"

"சாமிய வெட்டல. ஓரத்ததான் வெட்டுறேன்."

"மயிலோட வாலு ஓரத்துலதான இருக்கு!"

கடைசியில் முகம் உள்பக்கமாகப் போகவேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அம்மா விட்டுக்கொடுத்தாள். மூடியை முடுக்கிய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், அந்த எஞ்சினுக்கு அவள் விபூதி பூசியதை நான் பார்த்தேன்.

ஸ்டோர் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். ரப்பர்ப் பால் கொண்டுவந்த ஆட்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். சித்தப்பா மிதித்தார், எஞ்சின் பிடித்தது, கிளச்சை விட்டார், வண்டி போனது! முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனது. அங்கே ஸ்டோர் சுவரில் முன்சக்கரத்தை முட்டவைத்து எஞ்சினை அணைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பாஸ், "ஹொந்தய்!" என்று சிங்களத்தில் மெச்சி வெற்றிலையைத் துப்பினார். சுவரில் முட்டாமல் நிறுத்துவது எப்படி என்ற கேள்வி அந்தக் கைதட்டலில் காணாமல் போய்விட்டது. கிளச் அப்போது குளிர்ந்திருந்தது, எண்ணெய் குளிர்ந்திருந்தது, ரப்பரும் தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்கியிருக்கவில்லை.

நல்ல நாள் வந்தது. அப்பா, அம்மா, தரகர் மூவரும் முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். பெண் வீட்டில் என்ன பேசவேண்டும், எதற்குத் தலையாட்டவேண்டும், எதற்கு யோசிப்பது போல இருக்கவேண்டும் என்பதையெல்லாம் அம்மா ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள். தட்டை மட்டும் பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது என்றாள். கூட்டத்தில் யாராவது காலை வைத்தால்? யாராவது தாண்டினால்? ஆகவே வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், பூ, குங்குமம் எல்லாம் வைத்த பித்தளைத் தட்டு மோட்டார் சைக்கிளில் போவதென்று முடிவானது. தட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். நல்ல காரியத்துக்கு ஒற்றையாளாகப் போகவும் கூடாது. அப்படித்தான் எனக்குப் பின் சீட் கிடைத்தது. அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி எதுவும் இருந்ததில்லை.

கண்டி ரோட்டில் ஏறியதும் ஒரு பொற்காலம். காற்று முகத்தில் அடித்தது. சித்தப்பாவின் தலையெண்ணெய் வாசனை என் மூக்குக்கு நேராக வந்தது. பஸ்களும் லொறிகளும் எங்களை முந்திக்கொண்டு போயின. ஆனாலும் நாங்கள்தான் வேகமாகப் போவதாக எனக்கு இருந்தது. அம்மா ஏறிய பஸ்ஸை ஓரிடத்தில் நாங்கள் முந்தினோம். பஸ் நின்றிருந்தது என்பது உண்மைதான். இருந்தாலும் முந்தினோம்.

வழியில் பொலிஸ் பெரியர், ரோட்டை மறித்த சோதனைச் சாவடி. அந்த வருடங்களில் தமிழ்ப் பெயரோடு ஒரு பெரியரில் நிறுத்தாமல் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சித்தப்பா தூரத்திலேயே கிளச்சை அமுக்கினார். வண்டி நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தார், இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்தார். பெரிய கியரில் இருந்ததால் எஞ்சின் திணறி, பொலிஸ்காரரின் பூட்ஸுக்கு ஒரு முழம் முன்னால் செத்து நின்றது. சித்தப்பாவின் சட்டை முதுகில் அப்படியே ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பொலிஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"மகுலக்த?" என்று சிங்களத்தில் கேட்டார். கல்யாணமா என்று.

"ஒவ் சேர்" என்றார் சித்தப்பா. ஆமாம் என்று தலையையும் ஆட்டினார்.

பொலிஸ்காரர் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டு, இன்னொருவரையும் கூப்பிட்டு, இருவருமாக எங்களைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அரசாங்கம் எங்கள் குடும்பத்துக்கு நேரடியாகச் செய்த உதவி என்று நான் நினைவு வைத்திருப்பது அது ஒன்றுதான்.

மாவனல்லையில் திரும்பி மலையேறினோம். ஏற ஏற எஞ்சின் கொதித்தது. கிளச் மூடியிலிருந்து ரப்பர் தீய்ந்த மணம் வந்தது. ஸ்டோரில் வளர்ந்த எனக்கு அது வீட்டு மணம்தான், சந்தேகமே வரவில்லை. உள்ளே நடந்தது இதுதான்: பச்சை ரப்பர் சூடான எண்ணெயைக் குடித்து, வீங்கி, இளகி, எல்லாத் தட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. சித்தப்பா சொன்னதுபோல ரப்பருக்குப் பிடி அதிகம்தான். விடுவது எப்படி என்றுதான் அதற்குத் தெரியாது.

கடைசி ஏற்றம் செங்குத்து. சித்தப்பா ஒரு வழியாக முதல் கியரைப் போட்டார். மேலே ஏறியதும் சமதரை. முன்னால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய லயம், அதற்கு எதிரே சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில், கோயிலைச் சுற்றி மண்பாதை. லயத்து வாசலில் பெரிய கங்காணி, வெள்ளை வேட்டி, சந்தனம். பின்னால் சொந்தபந்தம். சித்தப்பா கிளச்சை அமுக்கினார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அக்ஸிலரேட்டரை விட்டார்; பாஸின் புண்ணியத்தில் அப்போதும் போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தார், அது முனகியதோடு சரி. கியரை உதைத்தார், அது இறுகிப் போயிருந்தது. வேகம் அதிகமில்லை, ஒரு ஆள் ஓட்டமும் நடையுமாக வந்தால் கூட வரலாம். ஆனால் நிற்கவில்லை. எங்கள் ஸ்டோர் சுவரில் முட்டி நிறுத்தலாம். பெண் வீட்டு அம்மன் கோயில் சுவரில் முட்ட முடியுமா? சித்தப்பா இடப்பக்கமாக வளைத்துக் கோயிலைச் சுற்றும் பாதையில் விட்டார்.

"சித்தப்பா, நிப்பாட்டுங்க" என்றேன்.

"நிக்காதுடா."

"ஏன்?"

"சிரிடா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்குறாங்க. சிரி."

வண்டியில் கோளாறு என்று தெரிந்தால் கதை முடிந்தது. ஆகவே அவர் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து மறுகையை நெஞ்சில் வைத்துக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். முதல் சுற்று முடிந்து லயத்து வாசலைத் தாண்டும்போது பெரிய கங்காணி எழுந்து நின்று தானும் கும்பிட்டார்.

"பாத்தீங்களா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "வீட்டு வாசப்படி மிதிக்க முன்ன சாமிய சுத்துறாரு. இந்தக் காலத்துல யாரு செய்யிறா?"

இரண்டாம் சுற்றில் கிழவர்கள் சிலரும் எழுந்து நின்றார்கள். மூன்றாம் சுற்றில் யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு முணுமுணுப்பு.

"மூணு சுத்துதான கணக்கு?"

"அவங்க பக்கம் ஒம்போதா இருக்கும்."

என் கை மரத்துப் போயிருந்தது. தேங்காய் தட்டில் அங்குமிங்கும் உருண்டது. ஆனால் நான் தட்டை விடவில்லை. பதினொரு வயதில் ஒரு வீரனுக்குரிய நிதானத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் புகையில் கண் கொஞ்சம் கலங்கியிருக்கலாம்.

அடுத்த சுற்றில், லயத்து வாசலிலிருந்து பெண்ணின் அம்மா இறங்கி வந்தார். எங்களோடு நாலைந்து எட்டு ஓடி, என் கையிலிருந்த தட்டை லாவகமாகத் தூக்கிக்கொண்டார். வாசலில் ஒரு கணம் திகைப்பு. மாப்பிள்ளை வீட்டுத் தட்டு வந்துவிட்டது; பதில் தட்டு கொடுக்காமல் வெறுங்கையோடு விடலாமா? பெரிய கங்காணி உள்ளே ஓடினார். நாங்கள் கோயிலைச் சுற்றி வருவதற்குள் தங்கள் தட்டோடு பாதையோரம் தயாராக நின்றார், ரிலே ஓட்டக்காரர் மாதிரி. நானும் கையை நீட்டினேன். ஒரு பாக்கு மட்டும் கீழே விழுந்தது.

"தட்டு மாத்தியாச்சி!" என்று கங்காணி கத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா போத்தலில் வாங்கி ஊற்றிய பெட்ரோல் அந்தக் குலவை ஓய்வதற்குள் தீர்ந்தது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி, கோயில் வாசலுக்கு நேரே நின்றது. அதையும் அவர்கள் அம்மன் கணக்கில்தான் எழுதினார்கள்.

அரைமணி நேரம் கழித்து அப்பாவும் அம்மாவும் தரகரும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். பெண் வீட்டார் எங்களுக்குப் பாய் விரித்து, பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "சம்பந்தி வாங்க, தட்டு மாத்தியாச்சி, சாப்பிட்டுப் பேசுவோம்" என்றார் கங்காணி. அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்தது அத்தனையும் அவள் முகத்தில் வந்து நின்றது. ஒரு வார்த்தைகூடப் பேச இடமில்லாமல் பாயசத்தைக் குடித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வரை தரகரோடு பேசவில்லை. அப்பாவோடு அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பேசவில்லை.

வண்டி அந்தத் தோட்டத்து டிராக்டர் பெட்டியில் ஏறி ஊர் வந்தது. கிளச் மூடியைத் திறந்தபோது தட்டுகள் எல்லாம் கறுத்த ஒரே அல்வாவாக இருந்தன. முருகன் மட்டும் எண்ணெய் குடித்துப் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி மறுபடி கோழிக்கூட்டுக்குப் போனது. சித்தப்பாவும் சித்தியும் நல்ல நாளுக்கு அரநாயக்கவுக்கு பஸ்ஸில் போய், மிச்சத் தூரத்தை நடந்தே ஏறினார்கள். மோட்டார் சைக்கிள் எங்கே என்று மாமனார் கேட்டதேயில்லை. அதை வெறும் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவது அவருக்குச் சரியாகப் பட்டிருக்காது. பிஸ்கட் தகரமும் அந்த லீவரும் எங்கே போயின என்று தெரியவில்லை. குவாட்டர்ஸை விட்டு வரும்போது தேடினேன். கிடைக்கவில்லை.

சென்ற மாதப் பிறந்தநாளுக்குச் சித்தியும் வந்திருந்தார். சித்தப்பா தவறிப்போய்ச் சில வருடங்களாகிவிட்டன. கேக் சங்கடத்தை மறைக்க இந்தக் கதையை விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீரன், நிதானம், மரத்துப்போன கை, எல்லாவற்றையும். கடைசியில் சித்தியிடம் திரும்பி, "அன்னைக்கு வண்டிய ஓட்டுன அழகுல சித்தப்பாவப் பாத்துதான சித்தி சம்மதிச்சீங்க?" என்று கேட்டேன்.

சித்தி கேக் துண்டைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"அவர எங்கடா நான் பாத்தேன்? பின்னால ஒரு பய மூக்கு வடிய வடிய 'எறக்கி விடுங்க, எறக்கி விடுங்க'ன்னு கத்தி அழுதுகிட்டே போனான். பாவமா இருந்துச்சி. 'அந்தப் புள்ளய எறக்கிவிடும்மா'ன்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா தட்ட மட்டும் எறக்கிட்டு வந்துருச்சி."